நேட்டிவ் நிரலுக்கு ஏது பூர்வீகம்?

ஆண்ட்ராய்டு பற்றிய ஒரு தமிழ்ப் பாடத்தில் நேற்றும் நேட்டிவ் கோடு என்பதற்குப் "பூர்வீக நிரல்" என்று படித்தேன். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நேட்டிவ் லத்தீன் வழி வந்த சொல். பிறப்போடு வந்தது என்பது வேர்ப்பொருள், அவ்வளவுதான். நம் பக்கம் "உங்க நேட்டிவ் எது?" என்றால் சொந்த ஊரைக் கேட்கிறார்கள். மொழிபெயர்த்தவர் அந்தப் பேச்சு வழக்கைப் பிடித்துக்கொண்டு நேரே பூர்வீகத்துக்குப் போய்விட்டார் போல. அது வடசொல் என்பதல்ல என் சண்டை. பொருளே தப்பு.

ஜாவா, காட்லின் மொழிகளில் எழுதிய ஆண்ட்ராய்டு செயலி டெக்ஸ் என்ற இடைநிலைக் குறியீடாகி, போனில் இருக்கும் ஏஆர்டி என்ற நடுவரின் கையால்தான் ஓடும். சி மொழியில் எழுதி என்டிகே என்ற ஆண்ட்ராய்டு கருவித்தொகுப்பு கொண்டு கம்பைல் செய்தால் சிப்பின் கட்டளைகளே கோப்பில் இருக்கும், நடுவர் தேவையில்லை. நேட்டிவ் என்பது இதைத்தான்.

செய்து பாருங்கள். எக்ஸ்86 வகைச் சிப் உள்ள லினக்ஸ் மடிக்கணினியில் நாலு வரி சி நிரலை எழுதி, என்டிகேயின் கம்பைலரான கிளாங்கிடம் இலக்கு ஆர்ம்64 (போன்களில் உள்ள சிப் வகை) ஆண்ட்ராய்டு என்று சொல்லிக் கம்பைல் செய்யுங்கள். வந்த கோப்பை அதே லினக்ஸ் டெர்மினலில் தட்டினால் "எக்ஸெக் ஃபார்மட் எரர்", அதாவது இந்த வடிவக் கோப்பை இயக்க முடியாது என்று மறுத்துவிடும். அதையே ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் கருவி) புஷ் கொடுத்து போனின் டேட்டா/லோக்கல்/டிஎம்பி அடைவில் போட்டு, இயக்க அனுமதிக்கு சிஎச்மாட் 755 கொடுத்து, ஏடிபி ஷெல்லில் தட்டினால் ஓடுகிறது. (எஸ்டிகார்டு அடைவில் வைத்தால் ஓடாது, அங்கே இயக்க அனுமதி கிடையாது.) பிறந்த இடத்தில் ஓடாமல் போன இடத்தில் ஓடுகிற நிரலுக்கு எப்படிப் பூர்வீகம் என்று பெயர் வைப்பது? போனோடு கம்பெனி போட்டுக் கொடுத்த செயலி என்றுதான் மாணவர் நினைப்பார். அது வேறு சங்கதி.

"சொந்த நிரல்" என்றால் நானே எழுதியது என்றாகிவிடும். "இயல்பு நிரல்" என்பதும் சரிப்படாது, டிஃபால்ட்டுக்கு இயல்புநிலை என்று ஏற்கெனவே எழுதுகிறோம். இப்படிச் சொல் செய்கிறவர்கள் அகராதியைத் திறக்கிறார்களே தவிர, டெர்மினலைத் திறப்பதில்லை.

நான் நேரியக்க நிரல் என்று எழுதுகிறேன். நேராகச் சிப்பில் இயங்குவது. இயற்பியலில் நேர்க்கோட்டு இயக்கம் என்பது தனியாக இருக்கிறது, இதோடு மோதாது. பைத்தான் நிரல் நேரியக்கம் இல்லை, அதை ஓட்டும் பைத்தான் இன்டர்ப்ரெட்டர் நேரியக்கம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பூர்வீகத்தை வைத்துக்கொண்டு இந்த வரியை எழுத முடியாது. நேரியக்கம் பிடிக்கவில்லையா, சரி, நேட்டிவ் என்றே தமிழ் எழுத்தில் எழுதுங்கள்.