படலைக்கும் வீட்டுக்கும் இடையே சுற்றிய கடிதம்

திருநெல்வேலியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் வேலை செய்யும் வாசகி ஒருவர், திரும்பிப் போன மின்னஞ்சல் ஒன்றின் பிரதியை எனக்கு அனுப்பியிருந்தார். கொழும்பில் இருந்து அவருக்கு வந்திருக்க வேண்டிய விலைப்பட்டியல் அது. அலுவலகத்துக்குப் புதிய மின்னஞ்சல் சேர்வர் (கடிதங்களை வாங்கி, உரிய இடத்துக்குக் கொடுக்கும் கணினி) வாங்கிய நாளில் இருந்து வெளிக் கடிதம் ஒன்றும் வந்து சேரவில்லையாம். “புது இயந்திரத்துக்கு நாவூறு பட்டுவிட்டது என்கிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது?” என்று கேட்டிருந்தார்.

என்ன நடந்தது என்பது அவர் அனுப்பிய பிரதியிலேயே வரிவரியாக எழுதியிருக்கிறது.

தொடக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பது டொமைன், அதாவது அலுவலகத்தின் இணையப் பெயர். அனுப்பும் சேர்வர், “இந்த டொமைனின் கடிதங்களை யார் வாங்குவார்?” என்று, இணையப் பெயர்களுக்கான டி.என்.எஸ். பதிவேட்டைக் கேட்கும். அதற்குப் பதிலாகக் கிடைப்பதுதான் எம்எக்ஸ் பதிவு. 1986 இல் வந்த ஏற்பாடு இது. பதிலில் உள்ள இயந்திரத்தில் மின்னஞ்சலுக்கென இருக்கும் 25 ஆம் இலக்க வாயிலுக்குப் (port) போய்க் கடிதத்தை ஒப்படைத்துவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நம் ஊரில் ஒரு வளவுக்குள் மூன்று வீடுகள் இருக்கும். ஒழுங்கைப் பக்கம் படலை ஒன்றுதான். தபாற்காரர் படலையில் மணி அடித்துக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். யாருடையது என்று பார்த்து உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பது முன்வீட்டு ஆச்சியின் பொறுப்பு. அலுவலக வலையமைப்பும் இப்படித்தான். உள்ளே இருக்கும் இயந்திரங்களின் முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும். 1994 இல் உள்வீட்டுப் பாவனைக்கென்றே ஒதுக்கப்பட்ட இலக்கங்கள் அவை. அதே இலக்கம் உலகெங்கும் எண்ணற்ற அலுவலகங்களில் இருப்பதால், வெளியில் இருந்து அந்த முகவரிக்கு எதையும் அனுப்ப முடியாது. ஆகவே படலையில் ஒரு சேர்வர், உள்ளே ஒரு சேர்வர்.

படலைச் சேர்வர் எம்எக்ஸ் பதிவை மட்டும் நம்பினால், “நீயேதான்” என்ற பதில்தான் அதற்குக் கிடைக்கும். அதனால் “இந்த டொமைனுக்கு வருவதை உள்ளே இன்ன இயந்திரத்திடம் கொடு” என்று தனியாக ஒரு குறிப்பு எழுதிவைக்க வேண்டும். சேர்வர்களில் மின்னஞ்சலைக் கையாளும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளில் இதற்கு டிரான்ஸ்போர்ட் அட்டவணை என்று பெயர். வாசகியின் அலுவலகத்தில் அந்தக் குறிப்பு சரியாகவே இருந்தது. விடுபட்டது உள்ளே. புதிய சேர்வரிடம் “இந்த டொமைன் உன்னுடையது” என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. அது கடிதத்தை வேறெங்கோ போகவேண்டியது என்று எண்ணி, டி.என்.எஸ். பதிவேட்டைக் கேட்டது. படலைக்குக் கொடு என்று பதில் வந்தது. படலை தன் குறிப்பைப் பார்த்து மீண்டும் உள்ளே கொடுத்தது.

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் மனம் லயித்து நின்றுவிடுவேன். இரண்டு சேர்வர்களும் தமக்குத் தெரிந்த அளவில் சரியாகத்தான் நடந்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஓர் அடி மட்டுமே தெரியும்; கொடுத்துவிட்டால் மறந்துவிடும். அதே கடிதம் இருபதாவது முறை வந்தாலும் அதற்குப் புதுக் கடிதம்தான். அப்படியானால் சுற்றுவது யாருக்குத் தெரியும்? கடிதத்துக்குத்தான்! வாங்கும் சேர்வர் ஒவ்வொன்றும் கடிதத்தின் தலையில் ஒரு வரியைச் சேர்த்தாக வேண்டும்: யாரிடம் இருந்து, யார், எத்தனை மணிக்குப் பெற்றுக்கொண்டார் என்று. புதிய வரி மேலே ஏறும். ஆகையால் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். வாசகி அனுப்பிய பிரதியில் ஆக அடியில் கொழும்பு. அதற்கு மேலே படலை, உள் சேர்வர், படலை, உள் சேர்வர் என்று இரண்டு பெயர்களும் மாறிமாறி, ஒன்றிரண்டு விநாடி இடைவெளியில் ஏறிக்கொண்டே போகின்றன. போஸ்ட்ஃபிக்ஸ் இந்த வரிகளை எண்ணும். நாமாக மாற்றாவிட்டால் 50 தான் எல்லை. அதைத் தாண்டியதும் கடிதத்தைத் திருப்பிவிடும். மேற்பார்க்க ஒருவர் இல்லை, எந்த இயந்திரத்துக்கும் பழைய நினைவு இல்லை. எண்ணத் தெரிந்தால் போதும், முடிவில்லாத சுற்று நின்றுவிடுகிறது.

நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பெரியப்பா எழுதிய கடிதம் ஒன்றின் உறையை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். பின்பக்கத்தில் மூன்று தபாலகங்களின் முத்திரைகள், ஒன்றின் விளிம்பில் மற்றொன்று. அது எங்களைத் தேடி அலைந்த வழி அந்த உறையில்தான் இருக்கிறது. மின்னஞ்சலின் தலைவரிகளைப் படிக்கும் போதெல்லாம் அந்த உறை என் கண்முன் வரும்.

நாவூறு என்று சொல்லி விட்டுவிட்டால் அந்த ஐம்பது வரிகளையும் ஒருவரும் படிக்கமாட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். இரண்டு பழைய கணினிகளும் அவற்றை இணைக்கும் ஒரு வலையமைப்புச் சுவிட்சும் இருந்தால் உயர்தர வகுப்பு மாணவர்களே இந்தச் சுற்றை வேண்டுமென்றே உருவாக்கி, பார்த்து, நிறுத்தலாம். பிள்ளைகள் பிழைவிட்டுப் பழகக்கூடிய ஆய்வுகூடங்களுக்குத்தான் பாடசாலைகளுக்கு வரும் நன்கொடைப் பணம் முதலில் போகவேண்டும் என்பேன். பளபளக்கும் திரைகளைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

திருத்தம் ஒரே வரி: உள் சேர்வரின் “என்னுடைய டொமைன்கள்” பட்டியலில் அலுவலக டொமைனைச் சேர்ப்பது. படலையின் அட்டவணையில் உள் சேர்வரின் பெயர் [ ] அடைப்புக்குள் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். அடைப்பு இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கும் எம்எக்ஸ் பதிவைத் தேடிப் போகும்; அது மறுபடியும் படலையைக் காட்டினால் கடிதம் உள்ளேயே போகாது. அடைப்பு இருந்தால், தேடாமல் நேரே அந்த இயந்திரத்துக்குப் போகும்.

மறுநாள் மாலை நான் ஒரு சோதனைக் கடிதம் அனுப்பினேன். அதன் தலைவரிகளை வாசகி பிரதியெடுத்து அனுப்பியிருந்தார். அடியில் என் பக்கத்துச் சேர்வர், நடுவில் படலை, மேலே உள் சேர்வர். மூன்று வரிகள், நான்கு விநாடிகள்.