மரை ஏறிவிட்டால் அது சரியான பிளக்கா?

பைக்குக்கு ஸ்பார்க் பிளக் (எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது) மாற்ற வேண்டும் என்றால் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பழைய பிளக்கைக் கழற்றி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஸ்பேர்ஸ் கடைக்குப் போய், "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்பது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், மரை சிக்காமல் ஏறும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும், வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவோம். ஆனால் என் பட்டறைக்கு வரும் வண்டிகளில், முக்கியமாக இரண்டு மூன்று கை மாறிய வண்டிகளில், கம்பெனி சொன்ன பிளக் இல்லாமல் வேறொன்று உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். யாரோ எப்போதோ அவசரத்துக்கு மாட்டியதைப் பார்த்து அடுத்தவர் வாங்க, அதைப் பார்த்து அதற்கடுத்தவர் வாங்க, தப்பு அப்படியே தொடர்ந்து வருகிறது.

அதனால் பழைய பிளக்கை நம்பாதீர்கள், வண்டியின் ஓனர்ஸ் மேனுவலைப் பாருங்கள். புத்தகம் தொலைந்துபோயிருந்தால் பல கம்பெனிகளின் வலைத்தளத்திலேயே கிடைக்கும். மாடல் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல் எந்த ஆண்டு வண்டி, கார்புரேட்டரா ஃபியூவல் இன்ஜெக்‌ஷனா என்பதையும் பாருங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்தபோது பெயர் அதேதான், உள்ளே சமாசாரம் மாறிப்போன வண்டிகள் நிறைய.

பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தும் எண்ணும்தான் அதன் ஜாதகம். என்ஜிகே கம்பெனியின் சிபிஆர்8ஈஏ-9 என்ற பிளக்கை எடுத்துக்கொள்வோம், சின்ன வண்டிகளில் அடிக்கடி பார்க்கிற ஒன்று. முதல் எழுத்து சி என்றால் மரையின் விட்டம் 10 மி.மீ., ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் 16 மி.மீ. அந்த இடத்தில் டி இருந்தால் 12 மி.மீ. மரை, 18 மி.மீ. ஸ்பேனர். இரண்டாவது எழுத்து பீங்கான் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை என்று சொல்கிறது. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 8 என்பது ஹீட் ரேஞ்ச். ஈ என்றால் மரைப் பகுதியின் நீளம் 19 மி.மீ. கடைசியில் வரும் 9, கேப், அதாவது பொறி தாண்டும் இடைவெளி, 0.9 மி.மீ. என்று காட்டுகிறது.

இதில் ஆளை ஏமாற்றுவது அந்த நீளம்தான். சி7எச்எஸ்ஏ என்று இன்னொரு பிளக் உண்டு. அதுவும் 10 மி.மீ. மரை, 16 மி.மீ. ஸ்பேனர், ஆனால் நீளம் 12.7 மி.மீ. மட்டுமே. 19 மி.மீ. போக வேண்டிய ஹெட்டில் (பிளக் திருகப்படும் சிலிண்டரின் மேல்மூடி) இதை மாட்டினால் அழகாக ஏறி உட்காரும், வண்டியும் ஓடும். ஆனால் பொறி எரியும் அறைக்குள் விழாமல் ஓட்டைக்கு உள்ளேயே விழும், பிக்கப் மந்தமாகும், காலியாகக் கிடக்கும் மரையில் கரி ஏறி இறுகிவிடும். பிறகு ஒருநாள் சரியான பிளக்கைக் கொண்டுவந்து திருகினால் பாதியில் நின்றுவிடும், விடாமல் அழுத்தித் திருகினால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும். நீளம் கூடுதலான பிளக் என்றால் இன்னும் மோசம், பிஸ்டனோ வால்வோ வந்து அதன் முனையில் இடிக்கலாம். இடிக்காமல் தப்பித்தாலும், உள்ளே துருத்தி நிற்கும் மரை தகதகவென்று சூடாகும்.

அடுத்தது ஹீட் ரேஞ்ச். "ஹாட் பிளக் போட்டா பொறி சூடா வரும், வண்டி நல்லா இழுக்கும்" என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. பொறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிளக் தன் மூக்கில் ஏறும் சூட்டை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான் கணக்கு. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக இறங்கும், அது ஹாட் பிளக். குட்டையாக இருந்தால் சட்டென்று இறங்கும், அது கோல்ட் பிளக். முனை சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் அதில் படியும் கரி எரிந்து சுத்தமாகும், 800-ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூட்டிலேயே பெட்ரோல் பற்றிக்கொள்ளும் அபாயம். இரண்டு பேராக உட்கார்ந்து கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறும்போது தப்பான ஹாட் பிளக் இருந்தால், எஞ்சினிலிருந்து கடகடவென்று தட்டும் சத்தம் வரும். அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டிக்கொண்டே போனால் பிஸ்டன் தலையிலேயே ஓட்டை விழலாம்.

பெரிய குழப்பம் பிராண்டு மாற்றும்போதுதான் வரும். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடக் கூட கோல்ட். பாஷ், சாம்பியனில் எண் கூடக் கூட ஹாட். 8 என்று பார்த்து வேறு கம்பெனியின் 8-ஐ வாங்கினால் நேர் எதிர்ப் பக்கம் போய்விடுவீர்கள். பழைய ஆட்கள் இன்னும் மைக்கோ பிளக் என்றுதான் சொல்வார்கள் (அந்தக் கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது). அதன் பழைய குறியீட்டில் 175, 225 என்று எண் கூடினால் கோல்ட், இன்றைய குறியீட்டில் அதே 175 என்பது 7, 225 என்பது 5. ஒரே கம்பெனிக்குள்ளேயே தலைகீழ். ஆகவே பிராண்டு மாற்றியே தீர வேண்டும் என்றால் அந்த பிளக் கம்பெனி வெளியிடும் பட்டியலில் உங்கள் வண்டியைத் தேடி எடுங்கள், எண்ணை வைத்து மனக்கணக்கு போடாதீர்கள்.

பிளக் கறுப்பாக வருகிறது என்று ஒரு படி ஹாட் பிளக் போட்டுத் தரச் சொல்பவர்கள் உண்டு. நான் போட்டுத் தருவதில்லை. உலர்ந்த கரி என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, மூடாமல் விட்ட சோக், பெட்ரோல் கூடுதலாக விடும் கார்புரேட்டர் என்று காரணம் வேறெங்கோ இருக்கும். எண்ணெய்ப் பசையோடு ஈரக் கறுப்பு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கிறது, எந்த பிளக் போட்டாலும் மறுபடி நனையத்தான் செய்யும்.

ஆர் எழுத்தையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே இருக்கும் ரெசிஸ்டர், பெரும்பாலும் 5 கிலோ ஓம் அளவில், பொறியிலிருந்து கிளம்பும் மின் இரைச்சலை அடக்குகிறது. எஃப்ஐ (ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் போட்டால் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூ குழம்பி, காரணமே தெரியாமல் மிஸ்ஸிங் வரலாம், நீங்கள் சென்சார் சென்சாராக மாற்றிப் பணத்தை விடுவீர்கள்.

பல்சர் டிடிஎஸ்-ஐ வண்டிகளில் இரண்டு பிளக், என்எஸ்200-இல் மூன்று. கைக்கு எட்டும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மொத்தத்துக்கும் பில் போடுவது நடக்கிற விஷயம்தான், கழற்றிய பழைய பிளக்குகளைக் கேட்டு வாங்கி எண்ணிப் பாருங்கள்.

நடு முனையில் இரிடியம் என்ற உலோகம் வைத்த பிளக் போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடலாம், அதிக நாள் உழைக்கும். கம்பெனியே இரிடியம் சொல்லியிருந்தால் அதைவிட்டுக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் சாதா பிளக் சொல்லப்பட்ட 100 சிசி வண்டியில் அதைப் போட்டு மைலேஜ் பத்து கூடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அந்தக் காசுக்கு ஒரு ஏர் ஃபில்டரும் சாதா பிளக்கும் வாங்கினால் வண்டிக்கு அதிகப் பலன்.

டூப்ளிகேட்டும் சந்தையில் ஏராளம். அசல் பிளக்கில் வாஷர் தானாகக் கழன்று விழாதபடி பிடித்திருக்கும், மரை வழவழப்பாக இருக்கும், நடு எலக்ட்ரோடும் மேலே வளைந்த எலக்ட்ரோடும் நேராக ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். அச்சு மங்கலாக இருந்து விலையும் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பழையதைக் கழற்றுவதற்கு முன் சுற்றிலும் உள்ள மண்ணைக் காற்றடித்து ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் போகும். புதுசாக இருந்தாலும் கேப்பை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து ஒருமுறை பாருங்கள், இரிடியத்தில் மட்டும் மெல்லிய நடு முனையை எதனாலும் நெம்ப வேண்டாம். கீழே விழுந்த பிளக் என்றால் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், மாட்டாதீர்கள். ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே கடைசி வரை திருகுங்கள், வழியில் இறுகினால் கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். வாஷர் உட்கார்ந்த பிறகு புது பிளக்குக்கு ஸ்பேனரில் சுமார் அரைச் சுற்று போதும், ஏற்கெனவே மாட்டிக் கழற்றிய பிளக் என்றால் அதைவிட மிகக் குறைவு, ஏனென்றால் அதன் வாஷர் முன்பே நசுங்கிவிட்டது. 10 மி.மீ. பிளக்குக்கு டார்க், அதாவது முறுக்கும் விசை, 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். நீள பைப்பை ஸ்பேனரில் சொருகி முறுக்குகிறவரைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள், அந்த ஹெட்டில் போன மரைக்குப் பதில் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரை போடும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.