உருட்டினால் தொடைக்குள் என்ன நடக்கிறது?

களியக்காவிளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஸ்டேஷனில் நாலு தட்டு தட்டினால் அதுவும் சித்திரவதையா? ரத்தம் வரவில்லை, எலும்பு முறியவில்லை என்றால் அது கண்டிப்புதானே?"

சட்டத்தை வேகமாகப் பார்த்துவிடுவோம். வாக்குமூலம் வாங்கவோ தண்டிக்கவோ மிரட்டவோ அரசு ஊழியர் வேண்டுமென்றே தரும் கடுமையான வலி, உடல்வலியானாலும் மனவலியானாலும், சித்திரவதை என்கிறது 1984ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை. எவ்வளவு வலித்தால் கடுமை என்பதில்தான் சிக்கல். 1971இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் பாதுகாப்புப் படையினர் கைதிகளின் தலையை மூடி, மணிக்கணக்கில் சுவரோரம் நிற்கவைத்து, தூங்கவிடாமல் விசாரித்தார்கள். ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் அதைச் சித்திரவதை என்றது. 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், மனிதத்தன்மையற்ற நடத்தைதான், சித்திரவதை அல்ல என்றது. இரண்டுமே தடைசெய்யப்பட்டவை என்பது வேறு விஷயம்.

சரி, ரத்தம் வராத அடிக்கு வருவோம். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 'உருட்டல்' என்றால் பலருக்குத் தெரியும். ஆளைப் படுக்கவைத்து, தொடைமேல் உலக்கையை அழுத்தி உருட்டுவது. நெருக்கடி நிலையின்போது, 1976இல், பொறியியல் மாணவர் ராஜன் கொண்டுபோகப்பட்ட கக்கயம் போலீஸ் முகாமோடு சேர்த்துப் பேசப்படும் கொடுமை இது. இதில் தோல் கிழியாமலே போகலாம்.

உள்ளேதான் எல்லாம் நடக்கிறது. நசுங்கிய தசைச் செல்லின் சவ்வு கிழிய, வெளியே இருந்த கால்சியம் உள்ளே பாய்கிறது. உலக்கையை எடுத்த பிறகும் செல் சுருங்கியபடியே இருக்கும். அதன் நொதிகளே அதை அரிக்கும். உடைந்த செல்லிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலக்கிறது; அளவு மீறினால் இதயம் நின்றுவிடும். கூடவே மயோகுளோபின் வருகிறது, தசைக்குச் சிவப்பு நிறம் தரும் புரதம். அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உறைந்து அடைத்துக்கொள்கிறது. சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போகும். சோதனைப் பட்டையை நனைத்தால், அது மயோகுளோபினை ரத்தமென்று எடுத்துக்கொண்டு, 'ரத்தம் உண்டு' என்று காட்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுவே இருக்காது. தோல் மறைத்ததைச் சிறுநீர் சொல்லிவிடுகிறது! 1941இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாட்டில் சிக்கி மீண்டவர்கள் சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் விவரித்தார்கள். அதே நோய்தான் இது.

ஆகவே ரத்தத்தையும் எலும்பையும் வைத்துக் கோடு போட முடியாது. வாக்குமூலத்துக்காக உருட்டுவது எந்த அளவுகோலிலும் சித்திரவதை. அடித்தால் உண்மை வரும் என்பது சுத்த மூடநம்பிக்கை. வலி தாங்காதவன் கேட்பவர் விரும்புவதைத்தான் சொல்வான். காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பரிசோதனையில் சிறுநீர்ப் பட்டையையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பியவருக்குத் தொடை வீங்கி, சிறுநீர் கறுத்துப் போனால் எண்ணெய் தேய்த்து வீட்டில் படுக்கவைக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அடி வாங்கியதை மறைக்காமல் சொல்லுங்கள். சீக்கிரமே சலைன் ஏற்றினால் சிறுநீரகத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.