ஆஸ்பத்திரியில் 'பூச்சி' என்று சொல்லாதீர்கள்

இருட்டியபின் பாம்பின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது நம் பக்கத்துப் பழக்கம். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவர் கணவரை நள்ளிரவில் தூக்கிவந்து, "பூச்சி கடித்துவிட்டது" என்றார். சீட்டிலும் பூச்சிக்கடி என்றே ஏறியது. கடித்தது கட்டுவிரியன், அது கடித்தால் வலி குறைவு, பல் தடமும் சரியாகத் தெரியாது. விடிவதற்குள் மனிதர் போய்விட்டார். அந்த ஒரு சொல்லைத் திருத்த அந்த அம்மா ஏழு மாதம் அலைந்தார்.

அவருக்கு வரவேண்டியது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற மத்திய அரசு விபத்துக் காப்பீட்டுப் பணம். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிப்பார்கள். வயது 18 முதல் 70 வரை. விபத்தில் இறந்தால் 2 லட்சம். பாம்புக்கடியும் விபத்துதான். "இது இயற்கை மரணம்" என்று கவுண்டரில் சொன்னால் நம்பித் திரும்பாதீர்கள். பாம்புக்கடிக்கு உடனடி மருத்துவமனைப் பதிவு வேண்டும் என்று திட்ட விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

சிக்கலும் அந்தப் பதிவில்தான். மந்திரிக்கப் போய் வழியிலேயே உயிர் பிரிந்தால் கையில் ஒரு காகிதமும் இராது. முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். "பாம்பு" என்று வாய்விட்டுச் சொல்லி, அப்படியே எழுதினார்களா என்று பாருங்கள். 2024 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எழுதத் தயங்கினால் இதைச் சொல்லுங்கள். இறந்துவிட்டால், உடலை அறுக்க வேண்டாம் என்று கெஞ்சி வாங்கிவராதீர்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாத மனு பெரும்பாலும் மேசையைத் தாண்டுவதில்லை.

அடுத்த கண்ணி மே மாதம். காப்பீடு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. நூறு நாள் வேலைக் கூலி ஏறிய அன்றே துடைத்தெடுக்கும் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்காது, காப்பீடும் இருக்காது. ஜூனில் பாஸ்புக்கைப் பதிந்து, 20 ரூபாய் பிடித்த பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

மனுவை 30 நாளுக்குள், கணக்கு இருக்கும் கிளையிலேயே கொடுங்கள். வாரிசுச் சான்று கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு விரட்டுவார்கள். நாமினி பெயர் பதிவாகி, அவர் உயிரோடு இருந்தால் அது தேவையில்லை. "சான்று வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள்.