கார்டு வளையவில்லை, சேசிஸ் வளைந்தது

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் பழகியவன் நான். தனியாகக் கடை போட்ட பிறகு, வேன்களுக்கு முன்பக்க கார்டு, அதாவது பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்பு பைப் தடுப்பு, அடித்துக் கொடுத்தே பல வருடம் பிழைப்பு ஓடியது. மாருதி ஆம்னி வேனுக்குத்தான் கிராக்கி அதிகம். அதில் ஓட்டுபவரின் முட்டிக்கு முன்னால் இருப்பது வெறும் தகடு, பானெட் கிடையாது. பயப்படாமல் என்ன செய்வார்கள்?

வேலை இப்படித்தான். இரண்டு அங்குல எம்.எஸ். (சாதா இரும்பு) பைப், 3 மி.மீ. கனம். உள்ளே காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடைத்து, சூடு காட்டி வளைத்தால் வளைவில் பைப் நசுங்காது. மணலில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் போச்சு, ஆவி கட்டையைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒருமுறை என் காதை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அப்புறம் 6 மி.மீ. பிளேட்டில் பிராக்கெட் வெட்டி, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் போல்ட் முடுக்கி, அதன் மேல் வெல்டிங்கும் ஓட்டிவிடுவோம். "ஆட்டுனா ஆடக்கூடாதுங்ணா" என்பதுதான் வருகிறவர்கள் கேட்கும் ஒரே விஷயம். தப்பு அங்கேதான்.

நான் கார்டு அடித்த வேன் ஒன்று புளியமரத்தில் மோதி, கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. "பாருங்ணா, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலை" என்றார் ஓனர். உண்மைதான், பெயின்ட் உரிந்ததோடு சரி. குனிந்து டார்ச் அடித்தேன். பிராக்கெட் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் சேசிஸ் மடிந்து கிடந்தது. டிரைவர் பக்கத்துக் கதவு சாத்தவில்லை. ஓட்டிய பையனுக்கு நெஞ்செலும்பில் விரிசல்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, முன்பக்கம் 60 செ.மீ. நசுங்கி நின்றால், உள்ளே பெல்ட் போட்டிருப்பவர் மேல் அவர் எடையைப் போல சுமார் 16 மடங்கு விசை விழும். 20 செ.மீ.யிலேயே நின்றுவிட்டால் 49 மடங்கு. தகடு நசுங்குவது நமக்காகத்தான். ஆம்னியில் நசுங்க இருக்கும் இடமே கொஞ்சம், கெட்டியான கார்டு போட்டு அதையும் நாமே அடைத்துவிடுகிறோம். ஏர்பேக் உள்ள வண்டியென்றால் இன்னொரு சிக்கல். அந்த வண்டியின் முன்பக்கம் எப்படி நசுங்கும் என்பதை வைத்துத்தான் கம்பெனி சென்சாரை அமைத்திருக்கிறது. கார்டு குறுக்கே வந்தால் பை தாமதமாக விரியலாம், தேவையில்லாத தட்டலுக்கும் விரியலாம்.

ரோட்டில் நடப்பவரையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பம்பர் கொஞ்சமாவது உள்வாங்கும், பைப் உள்வாங்காது. கார்டின் மேல் கம்பி எங்கே வருகிறது என்று ஒருநாள் என் அக்கா மகனை வண்டி முன்னால் நிறுத்திப் பார்த்தேன். யூ.கே.ஜி. படிக்கும் பையன். சரியாக நெற்றிக்கு நேரே.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இத்தகைய கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி இது அனுமதியில்லாத மாற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பக்கத்துப் பட்டறையில் இன்னும் அடித்துத் தருகிறார்கள் என்பதால் அது சரியென்று ஆகிவிடாது.

இப்போது நான் கழற்றிக் கொடுக்கிறேன். போல்ட் மட்டும் என்றால் அரை மணி நேர வேலை. சேசிஸில் வெல்டிங் வைத்திருந்தால் கிரைண்டரில் மெதுவாகத் தேய்த்து, வெல்டிங் ஓரத்தில் முடி போல விரிசல் ஓடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பிரைமர். கார்டு எடையில் இருபது கிலோ வரை வரும். போன வாரம் கழற்றிய ஒருவர் இரும்புக் கடைக்குப் போட மனமில்லாமல், மாடியில் தண்ணி டேங்குக்கு ஸ்டாண்டு அடிக்கச் சொல்லியிருக்கிறார்.