ஸ்பைனல் கார்டு: தண்டுவடமா, முண்ணாணா?

"அவருக்கு தண்டுவடம் தேஞ்சு போச்சாம்"னு நெறைய பேர் சொல்லுவாங்க. தேயறது எலும்பும் அதுக்கு நடுவுல இருக்கற டிஸ்க்கும்தாங்க. தண்டுவடம், அதாவது இங்கிலீஷ்ல ஸ்பைனல் கார்டு, அந்த எலும்புக் கோர்வைக்கு உள்ள பத்திரமா ஓடுற நரம்புத் திசு, சுமாரா சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும், மூளையும் இதுவும் சேர்ந்ததுதான் மைய நரம்பு மண்டலம்.

ஸ்பைன்ங்கறது லத்தீன் 'ஸ்பைனா'லேர்ந்து வந்துச்சு, அர்த்தம் முள்ளு. கார்டு வந்தது கிரேக்க 'கோர்டே'லேர்ந்து, அதாவது குடல், அந்தக் குடல முறுக்கி இசைக்கருவிக்கு கட்டுற தந்தியும் அதுதான். நம்மாளுங்களும் முதுகுல முள்ளத்தான் பாத்திருக்காங்க, முள்ளெலும்பு, முள்ளந்தண்டுன்னு பேரு வச்சது அதனாலதான், குனிஞ்சா வரிசையா துருத்திட்டு நிக்குதே.

தமிழ்நாட்டு பாடபுத்தகத்துல ஸ்பைனல் கார்டுக்குப் பேரு தண்டுவடம். வடம்னா தேர்வடத்துல வர்ற அதே வடம். இலங்கைல படிச்சவங்க முண்ணாண்னு சொல்லுவாங்க, முள் + நாண், வில்லுல கட்டுற நாண்தான். என்னக் கேட்டா முண்ணாண்தான் அழகு, மூலச் சொல்லுக்கும் அச்சு அசலா பொருந்துது, ஆனா இங்க யாருக்கும் புரியாது, அதனால தண்டுவடமே இருக்கட்டும். 'முதுகுத்தண்டு'ன்னு மட்டும் எழுதாதீங்க, எலும்பச் சொல்றோமா நரம்பச் சொல்றோமான்னே தெரியாது.

தண்டுவடத்துலேர்ந்து 31 ஜோடி நரம்பு பிரிஞ்சு கைகால், உடம்புன்னு போகுது. தொட்டது, சுட்டது எல்லாம் இது வழியா மேல மூளைக்குப் போகும், காலத் தூக்குன்னு வர்ற உத்தரவு கீழ இறங்கும். வெறும் வயர்னு மட்டும் நெனச்சுடாதீங்க, சூடான பாத்திரத்துல கை பட்டா வலி மூளைக்குத் தெரியறதுக்கு முன்னாடியே கைய இழுத்துக்கச் சொல்றது தண்டுவடம்தான். வெட்டிப் பாத்தா நடுவுல சாம்பல் நிறம், சுத்தி வெள்ளை, பெருமூளைல இது அப்படியே தலைகீழ்.

பெரியவங்களுக்கு இதோட நீளம் சுமார் 45 செ.மீ.தான், முதுகெலும்பு முடியற வரைக்கும் வராது, இடுப்புப் பகுதி ஆரம்பிக்கற எடத்துலயே பெரும்பாலும் நின்னுடும். அதுக்குக் கீழ தொங்குற நரம்புக் கொத்துக்கு லத்தீன்ல 'காடா எக்வைனா', அப்படியே தமிழ்ல குதிரைவால். சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டா தண்டுவடத்துல குத்திருவாங்கன்னு பயப்படுறவங்க இதத் தெரிஞ்சுக்கணும், ஊசி போடுறது தண்டுவடம் முடிஞ்சு குதிரைவால் மெதக்குற தண்ணிப் பகுதிலதான்.