டிஆர்எம்: எண்ணிம உரிமை முகாமைத்துவம்

'டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட்' என்பதன் சுருக்கமே டிஆர்எம். காசு கட்டியவர் மட்டும், அனுமதித்த கருவியில், அனுமதித்த காலம் வரை காணொளியைப் பார்க்க வைக்கும் ஏற்பாடு இது. அட்டன், பண்டாரவளைப் பக்கம் உயர்தர வகுப்புகளைப் பதிவு செய்து விற்பவர்கள் சிலர், யூடியூபில் 'அன்லிஸ்டட்' இணைப்பு (தேடினால் வராது, இணைப்பு உள்ளவர் பார்க்கலாம்) கொடுப்பதையும் டிஆர்எம் என்றே சொல்கிறார்கள். அது வேறு. அந்த இணைப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவில் விழுந்தால் போதும், யாரும் பார்க்கலாம்.

சொல் 1990களில் உருவானது. யார் பார்க்கலாம், எத்தனை பிரதி எடுக்கலாம், எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கணினிக்குப் புரியும் மொழியில் எழுதிவைக்கும் முயற்சியில் ஜெராக்ஸ் ஆய்வுகூடத்தின் மார்க் ஸ்டெஃபிக் முன்னோடி. அப்போது 'உரிமை முகாமைத்துவம்' என்றால் விதிகளை எழுதிவைப்பதுதான்; அனுமதியில்லாதவர் திறக்காமல் தடுக்கும் தொழில்நுட்பப் பூட்டு தனி. 1996ஆம் ஆண்டின் வைப்போ (உலகப் புலமைச் சொத்து அமைப்பு) பதிப்புரிமை உடன்படிக்கையும் இரண்டையும் தனித்தனி உறுப்புரைகளில் வைத்தது. நம் இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் இரண்டும் 23ஆம் பிரிவில் வருகின்றன. பேச்சு வழக்கில் மட்டும் பூட்டே டிஆர்எம் ஆகிவிட்டது.

தமிழில்? 'டிஜிட்டல்' இலத்தீனில் விரலைக் குறிக்கும் 'டிஜிட்டஸ்' வழி வந்தது. விரல்விட்டு எண்ணியதால் எண். ஆகவே 'எண்ணிம' பொருந்தும். தமிழகத்தார் 'மேலாண்மை' என்பதை நாம் 'முகாமைத்துவம்' என்கிறோம். கூடவே வரும் 'லைசென்ஸ்' என்பதற்கு 'அனுமதிப்பத்திரம்' என்ற நம் வழக்கே சரி. சாரதி அனுமதிப்பத்திரம் போல அதுவும் காலாவதியாகும், அடுத்தவருக்குக் கைமாற்ற முடியாது.

வேலை நடப்பது இப்படி. காணொளியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறையின் 128 பிட் சாவியால், சாவி இல்லாமல் பார்க்க முடியாதபடி மறைகுறியாக்குவார்கள். கோப்பில் சாவி இருக்காது, சாவியின் அடையாள எண் மட்டுமே இருக்கும். பிளேயர் அந்த எண்ணைக் காட்டி அனுமதிப்பத்திர சேவையகத்திடம் கேட்கும்; மாணவர் கட்டணம் கட்டியவரா என்று பார்த்த பின்பு, அந்தக் கருவி மட்டும் திறக்கக்கூடிய உறையில் சாவி வரும். இதைச் செய்யும் டிஆர்எம் முறைகள் மூன்று: ஆண்ட்ராய்டுக்கும் குரோமுக்கும் கூகுளின் வைட்வைன், ஐபோனுக்கு ஆப்பிளின் ஃபேர்பிளே, விண்டோஸின் எட்ஜ் உலாவிக்கு மைக்ரோசாஃப்டின் பிளேரெடி. ஒன்றை மட்டும் வாங்கினால் மற்றக் கருவிக்காரர் வெளியே நிற்பார். மூன்றுக்கும் பொதுவான 'சிபிசிஎஸ்' என்ற மறைகுறியாக்க முறையில் செய்தால் மூன்றுக்கும் ஒரே கோப்புத் தொகுதி போதும். பழைய ஆண்ட்ராய்டு சில அதைத் திறக்காது, ஆகவே பழைய போனில் ஓட்டிப் பார்த்த பிறகே விற்பனைக்கு விட வேண்டும்.

அதிகம் சிக்குவது வைட்வைனின் பாதுகாப்புத் தரநிலையில்தான் (எல்1 உயர்ந்தது, எல்3 தாழ்ந்தது). எல்1 என்றால் சாவியும் படமும் சிப்பின் பாதுகாப்பான பகுதியை விட்டு வெளியே வராது. ஸ்கிரீன் ரெக்கார்ட் போட்டால் கறுப்புத் திரைதான் பதிவாகும். விலை குறைந்த பல போன்களில் எல்3 மட்டுமே உண்டு. எல்லாம் மென்பொருளிலேயே நடக்கும், உடைப்பதும் எளிது. சேவையகத்தில் 'எல்1 கட்டாயம்' என்று வைத்தால், காசு கட்டிய தோட்டத்துப் பிள்ளைக்கே படம் வராது. 360பி, 480பி என்ற குறைந்த படத்தரங்களை எல்3க்குத் திறந்துவிட்டு, எச்டியை மட்டும் எல்1க்கு ஒதுக்குவதே நியாயம். தோட்டத்து லயக் குடியிருப்புப் பக்கம் சிக்னலுக்கு எச்டி எப்படியும் சுற்றிக்கொண்டுதான் நிற்கும்.

டவுனில் வைஃபை கிடைக்கும்போது இறக்கி வீட்டில் பார்ப்பவர்களுக்கு, ஆஃப்லைனில் நிலைக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதன் காலம் இரண்டு நாள் என்று வைத்தால், சிக்னல் இல்லாத இடத்தில் புதுப்பிக்க வழியின்றி வீடியோ முடங்கும். ஒரு மாதமாவது கொடுங்கள். போனில் திகதி தவறாக இருந்தாலும் 'காலாவதி' என்றே சொல்லும். முறைப்பாடு வந்தால் முதலில் அதைப் பாருங்கள். தளத்தின் முகவரி எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) இல்லாவிட்டால் குரோமில் வைட்வைன் இயங்கவே இயங்காது.

இன்னொரு போனைத் திரைக்கு முன்னால் பிடித்துப் படமெடுப்பதை எந்த டிஆர்எம்மும் தடுக்காது. அதற்கு மாணவரின் தொலைபேசி எண்ணை மங்கலாகப் படத்தின் மேல் ஓடவிடுகிறார்கள். ஒரே மூலையில் நின்றால் வெட்டி எறிந்துவிடலாம் என்பதால், அரை நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறும்படி வைக்க வேண்டும்.